சுடலைமாடத்தி அடித்த காற்று

என் தம்பி வீரபாண்டியின் பெண்டாட்டி சுடலைமாடத்திக்குத் தன் தாயின் முகம் தெரியாது. நாலு வயது வரை பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள், ஆனால் அது மனசில் நிற்கவில்லை. ஒரு கம்பளியின் சொரசொரப்பு நினைவிருக்கிறது என்பாள், அவ்வளவுதான். தாய் உச்சிமாளி காய்ச்சலில் போனபோது தேயிலைத் தோட்டத்தில் போட்டோ பிடிக்கிற வழக்கமெல்லாம் ஏது? கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. “நீ என்னையக் கொண்டு பொறந்தவ. அவ சாடை ஒனக்கு ஒரு பொட்டு கூட இல்ல” என்று அவள் அப்பன் சொல்லிவிட்டுச் செத்துப்போனான். பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வித்துராவைத் தாண்டி மலையேறினால் தேயிலைத் தோட்டங்கள். அதில் ஒன்றின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், நாங்கள் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த வீடு. தோட்டத்தின் பெயர் வேண்டாம், இப்போது அதைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. பூட்டிப்போட்டுக் காடு ஏறிவிட்டது. சம்பளம் நின்றுபோன வருசம் மாடத்தியும் என் தம்பியும் திருவனந்தபுரத்துக்கு இறங்கினார்கள், பின்னாலேயே நானும் இறங்கினேன். கட்டட வேலைக்குப் போன தம்பி மஞ்சள்காமாலையில் போனான். மாடத்தி ஒரு பழைய வெள்ளைக்காரக் கோவிலில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனாள். நம் கோவில் இல்லை, வேதக்கோவில். பெரிய மணி, கண்ணாடி சன்னல், உள்ளே ஒரு ஆர்கன்.

ஆர்கன் என்றால் மடியில் வைக்கிற ஆர்மோனியம் இல்லை. ஒரு வீட்டு உயரம் இருக்கும். குழல் குழலாக நிற்கும், சிலது பனை உயரம், சிலது விரல் மொத்தம். முன்னால் ஒருவர் உட்கார்ந்து கட்டையை அழுத்த வேண்டும், பின்னால் ஒருவர் நின்று காற்றடிக்க வேண்டும். பின்னால் ஓர் ஆள் நிற்கிற சந்து உண்டு. அங்கே ஒரு மரக் கைப்பிடி. அதை மேலும் கீழுமாக இழுத்தால் உள்ளே துருத்தி நிறையும். துருத்தியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்ட ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கும். குண்டு கீழ்க்கோட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் பாட்டு செத்துவிடும்.

மோட்டார் வைத்து வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால் கரண்ட் போகிற ஊர் அல்லவா? அப்போதெல்லாம் மாடத்திதான் அடிப்பாள். கொழுந்து பறித்த கை, அறுபத்துமூன்று வயதிலும் கயிறு மாதிரி முறுக்காக இருக்கும். வாசிக்கிறது லிபி டீச்சர். நாகர்கோவில் பக்கத்துப் பெண், நம் பேச்சு பேசுகிறவள். “எக்கா, நீங்க அடிச்சா எனக்கு மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கும். மோட்டாருக்கு அந்தப் பக்குவம் கிடையாது” என்பாள். அதைச் சொல்லிச் சொல்லியே மாடத்திக்குத் தலைகனம் ஏற்றிவிட்டாள்.

போன வருசம் ஒரு ஊமைப்படம் வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் எடுத்தது, பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. தொலைந்துவிட்டது என்றே இருந்தார்களாம். கடல் தாண்டி ஒரு துரையின் பேரன் வீட்டில் பழைய தகரப்பெட்டிக்குள் கிடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் பண்ணி, அது எடுக்கப்பட்ட ஜில்லாவிலேயே ஒரு தடவை காட்டலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை. மறுநாள் திரும்பப் போய்விட வேண்டும். அந்தக் காலத்தில் ஊமைப்படம் ஓடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வாத்தியம் வாசிப்பார்களாம், அதே மாதிரி செய்ய வேண்டும் என்று ராகேஷ் என்ற மலையாளத்துப் பையன் கிளம்பினான். பையன் என்றால் நாற்பது வயது. பாட்டுக்கு மெட்டு எழுதுகிறவன். ஆர்கனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் படமே கோவிலுக்கு வந்தது. ஆர்கன், ரெண்டு பிடில், ஒரு கிளாரினெட், ஓர் உறுமி. உறுமி அடிக்கிறவன் வன்னியராஜ். பகலில் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் பரோட்டா தட்டுகிறவன், கோவில் கொடை வந்தால் உறுமியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

முதல் ஒத்திகையிலேயே மோட்டாரின் இரைச்சல் படத்துக்கு ஆகாது என்று ராகேஷ் முகம் சுளித்தான். கையால் அடிக்கச் சொன்னார்கள். மாடத்திக்கு ஏகப் பெருமை. எனக்கும் பொழுது போக வேண்டுமே என்று நான் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வாசித்துக்கொண்டே லிபி டீச்சர் திரும்பிச் சொன்னாள்: “எக்கா, ஒங்க மலையிலதான் எடுத்திருக்காங்களாம் இத. வித்துராவுக்கு மேல.” தோட்டத்தின் பெயரையும் சொன்னாள்.

ஆர்கன் அப்படியே இழுத்துக்கொண்டு நின்றது. மாடத்தி கைப்பிடியை விட்டுவிட்டாள்.

அவள் அப்பன் அடிக்கடி சொன்ன ஒரு கதை உண்டு. உச்சிமாளிக்கு எட்டு வயது இருக்கும்போது, மூன்று கால் பெட்டி வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கங்காணி பதினோரு பேரைப் பொறுக்கி எடுத்து வரிசையாக நிறுத்தினான். உச்சிமாளி எல்லாரிலும் சின்னவள், ஒரு கோடியில் நின்றாள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிஸ்கோத்து கொடுத்தார்கள். “ஒங்கம்மா சினிமாவுல நடிச்சவ” என்று அப்பன் குடித்த நாளில் எல்லாம் சொல்வான். லயத்தில் யாரும் நம்பியதில்லை. மாடத்தி மட்டும் நம்பினாள். உலகத்தில் எங்கேயோ தன் தாய் இருக்கிறாள் என்று அறுபது வருசமாக வைத்திருந்தாள்.

ராகேஷ் காகிதத்தைப் புரட்டினான். ஆமாம், அப்படி ஓர் இடம் இருந்தது. பெண்கள், தேயிலை, மலைமேல் பனிமூட்டமாக மஞ்சு. ஒன்றே முக்கால் நிமிசம்.

“சேச்சிக்கு காணணோ? இதில உண்டு” என்று தன் கம்ப்யூட்டரைத் திருப்பினான்.

மாடத்தி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். “வேண்டாம், மூடும் அத! எங்கம்மாவ வெரல் நீளத்துலயா பாக்கணும்? பெரிய துணியில, ஆள் ஒசரத்துக்குப் பாக்குதேன்.”

“ஏட்டி, பாத்துத் தொலையேன். கோட்டி மாதிரிப் பேசாத” என்று நான் கத்தினேன். கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டால் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

ஆனால் அடுத்த சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. சந்துக்குள் நின்று காற்றடிக்கிறவளுக்குத் திரை தெரியாது. சுவர்தான் தெரியும். அந்தத் தேயிலைக் கட்டத்துக்கோ ராகேஷ் ஆர்கனைத்தான் வைத்திருந்தான், அத்தனை குழலும் சேர்ந்து முழங்கும்படி.

“அந்த எடத்துல ஆர்கன் வேண்டாம்” என்றாள் மாடத்தி.

“அய்யோ சேச்சி! அவிடெயாணு ஆர்கன் மெயின்!”

“அப்ப நீரே வந்து காத்தடியும்.”

“என்னது?”

“ஒண்ணே முக்கா நிமிசம் கேக்கேன். ஒம்ம சொத்தையா கேக்கேன்? அதுக்குப் பொறவு விடிய விடிய அடிக்கச் சொன்னாலும் அடிக்கேன். அந்த ஒண்ணே முக்கா நிமிசம் எங்கையி இந்தக் கட்டையத் தொடாது.”

ராகேஷ் வேறு ஆளை வைக்கலாம் என்றான். இரண்டு நாள் ஒரு தடியன் வந்து அடித்துப் பார்த்தான். அவன் அடிக்க அடிக்கப் பாட்டு விக்கல் எடுத்தது. லிபி டீச்சர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “காத்து அவங்க கையில இருக்கு ராகேஷ். நம்ம கையில ஒண்ணும் இல்ல. குடுத்திரு” என்றாள்.

வன்னியராஜ் ஓரத்தில் இருந்து, “அண்ணே, அந்த எடத்த எனக்குத் தாங்க. கொழுந்து எடுக்கவளுக்கு ஆர்கன் என்னத்துக்கு? நான் ஒத்த உறுமியில தள்ளிருதேன்” என்றான்.

“நீ பரோட்டாவத் தள்ளுனா போதும்” என்றான் கிளாரினெட்காரன். எல்லாரும் சிரித்தார்கள். ராகேஷும் சிரித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். கடைசியில் அப்படித்தான் முடிவாயிற்று. தேயிலைக் கட்டத்துக்கு உறுமியும் ஒரு பிடிலும் மட்டும். அது முடிந்ததும் படத்தில் புயல் வரும், அப்போது ஆர்கன் முழுசாக எழும்ப வேண்டும். அதற்குள் மாடத்தி ஓடிவந்து துருத்தியை நிறைத்திருக்க வேண்டும். சந்தில் இருந்து, திரை தெரிகிற தூண் வரை ஏழு தப்படி. அவள் போய்ப் போய் வந்து பழகினாள். திரும்பி வந்து ஆறு தடவை இழுத்தால் குண்டு மேலே வந்துவிடும். ஒரு ஒத்திகையிலும் அவள் பிந்தியதில்லை.

படம் காட்டுகிற அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே கோவில் நிறைந்துவிட்டது. மாடத்தி ஒரு நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள், அவள் மருமகள் பிரேமா எடுத்துக் கொடுத்தது. தலைக்குப் பூ வேறு, தம்பி போனபின் முதல் தடவையாக. “காத்தடிக்கப் போறவளுக்குப் பூவா?” என்று கேட்டேன். “எங்கம்மா பாக்கட்டும் மைனி” என்றாள். படத்தில் இருப்பவர்கள் நம்மைப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். வெள்ளைத் துணியில் ஆட்கள் அசைந்தார்கள். நடுநடுவே எழுத்து வந்து நின்றது. எனக்கு எந்த எழுத்தும் தெரியாது, ஆனால் வாத்தியம் இருந்ததால் அது ஒரு குறையாகப் படவில்லை. காட்டில் ஒரு குழந்தை தொலைந்துவிட்டது, அதன் தகப்பன் தேடுகிறான். கிளாரினெட் அழுதால் குழந்தை, பிடில் ஓடினால் தகப்பன். ஆர்கன் வந்தால் மலை. அந்த மலையைச் சுவருக்குப் பின்னால் நின்று என் தம்பி பெண்டாட்டி அடித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி கிறீச்சிடுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

ஆர்கன் அடங்கியது. உறுமி தொடங்கியது. மாடத்தி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் எங்கள் மலை. நான் அழுதுவிட்டேன், அதை மறைக்கவில்லை. அதே பாறை, அதே சரிவு. செடிகளுக்கு நடுவே ஒரு வரிசை. பதினோரு பேர். தலையில் துணி, முதுகில் கூடை.

முதுகுதான். பதினோரு முதுகு.

திரும்புவார்கள் என்று காத்திருந்தேன். மாடத்தியும் காத்திருந்தாள். உறுமி தேய்த்துத் தேய்த்து முனகியது. படத்தின் ஓரத்தில் இருந்து யாரோ ஒருவனின் கை மட்டும் நீண்டு, திரும்புங்கள் திரும்புங்கள் என்று ஆட்டியது. ஒருத்தியும் திரும்பவில்லை.

“மைனி, ஏன் திரும்ப மாட்டேங்காளுவ?” என்று மாடத்தி வாய்விட்டே கேட்டாள். முன் பெஞ்சுக்காரர்கள் உஷ் என்றார்கள்.

அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். திரையின் கீழே புல்லின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. தொப்பி போட்ட நிழல், கையில் தடி.

“தொரை நிக்கான்ட்டி” என்றேன்.

இதை வெளியாளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் துரை வந்தால் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மலைப்பக்கம் முகத்தைத் திருப்பி நிற்க வேண்டும். அவன் போனபிறகுதான் திரும்பலாம். முகம் காட்டினால் அன்றைக்குப் பேரை அடித்துவிடுவார்கள், கூலி கிடையாது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வெள்ளைத் துரை போய்க் கறுப்புத் துரை வந்துவிட்டான், அப்போதும் திரும்பித்தான் நின்றோம். நானும் நின்றேன். மாடத்தி பத்து வயதில் இருந்து நின்றாள். படம் எடுக்கிறவன் பெட்டிக்குப் பக்கத்தில் துரையும் வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறான். திரும்பு என்று கங்காணி கையாட்டினால் போதுமா? அவன் கை பெரிதா, துரை பெரிதா? ஆயிரம் தடவை அப்படி நின்றிருக்கிறோமே நாங்கள் இரண்டு பேரும், அவள் தாயும் அப்படித்தான் நின்றிருப்பாள் என்று ஒரு நாளாவது எங்களுக்குத் தோன்றியதா? தோன்றவே இல்லை. அறுபது வருசமாக அவள் மனசில் அந்தப் பிள்ளை நேரே பார்த்துக்கொண்டு நின்றது.

வரிசையின் இரண்டு கோடியிலும் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரே உயரம். எந்தக் கோடி என்று அப்பன் சொல்லவில்லை.

மஞ்சு வந்து மூடியது. வேறு காட்சி. மரங்கள் சாய்ந்தன, புயல். லிபி டீச்சர் பத்து விரலையும் வைத்து அழுத்தினாள். ஆர்கன் ஒரு மாடு படுக்கிற மாதிரி முக்கிக்கொண்டே இறங்கி நின்றுவிட்டது. பின்னால் சிலர் சிரித்தார்கள். மாடத்தி தூணை விடவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் வருவார்கள் என்பது போல. வன்னியராஜ்தான் உறுமியை ஓங்கி ஓங்கி அடித்துப் புயலைத் தாங்கிக்கொண்டிருந்தான். நான் எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டேன்.

“போயிட்டாளுவ, மாடத்தி.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சந்துக்குள் போனாள். காற்று வந்தது. முக்கால் மணி நேரம், கடைசி வரை, அந்தக் குண்டு ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை என்று லிபி டீச்சர் பிறகு சொன்னாள். குழந்தை கிடைத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்க்கவில்லை.

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ராகேஷ் சந்துக்கு வந்தான். ஆர்கன் நின்றதற்குத் திட்டப்போகிறான் என்று நான் இடுப்பில் கைவைத்துத் தயாராக நின்றேன். அவன் திட்டவில்லை. “சேச்சி, அம்மாவக் கண்டோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

“நீ முன்னமே பாத்தவன்தானே? முதுகுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதாக்கும்?” என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. “முகம் காணணும்னு சேச்சி பறஞ்சில்லல்லோ அம்மச்சி. அம்மா உண்டுன்னல்லே பறஞ்சது?”

அவன் சொன்னதும் சரிதான். தாயைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவள் எல்லாரிடமும் சொன்னாள், முகத்தை என்று யாரும் தனியாகச் சொல்வார்களா? அவனுக்கு அது மலையும் மஞ்சும் அழகான வரிசையும். இருந்தாலும் நான் அவனை இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

படம் திரும்பிப் போகுமுன் லிபி டீச்சரும் அவனும் அந்த ஒன்றே முக்கால் நிமிசத்தை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு படமாகப் பார்த்தார்களாம். ஒரு கன்னம்கூடத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாடத்தி வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். வெள்ளைத் தாள். “நல்லாருக்கு டீச்சர்” என்றாள். டீச்சர் வாசலுக்குப் போய் நின்று அழுதாள்.

இப்போது கோவிலில் சத்தம் போடாத புது மோட்டார் வந்துவிட்டது. மாடத்தி கூட்டுகிறாள், துடைக்கிறாள். அந்தப் படத்தைத் தகரப்பெட்டியில் ரேசன் கார்டோடு வைத்திருக்கிறாள். பெட்டியை எடுக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவாள்.

“மைனி, இந்தக் கோடியா, அந்தக் கோடியா?”

வலது கோடிப் பிள்ளை ஒரு காலைத் தூக்கி மறுகாலின் ஆடுசதையில் வைத்திருக்கிறாள். அட்டை கடித்திருக்கும், சொறிகிறாள். அந்தப் பதினோரு பேரில் உயிர் இருக்கிறது என்று காட்டுகிறது அந்த ஒரு கால்தான்.

“இந்தா, சொறியுதால்லா, இவதான் ஒங்கம்மா” என்பேன்.

“ஒமக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும். நான் சொல்லுதேன்லா?”

“எங்கம்மா ஆடாம நிக்கவளாம். அப்பா சொல்லுவாக.”

“ஒங்கப்பன் கெடக்கான். இவதான்.”

எத்தனை தடவை கேட்டாலும் நான் வலது கோடியைத்தான் காட்டுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அவள் நம்புவதில்லை. முன்பு ஒன்றும் இல்லாமலேயே நம்பிக்கொண்டிருந்தவள்தான். கொஞ்ச நேரம் இரண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிவிடுகிறாள்.